இந்த இரவைக் கடப்பதற்கு

நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் கரும்பு சாய்ந்தால் கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் வருகிறார், வேளாண்மைத் துறையிலிருந்து வருகிறார்கள், சர்வே எண் கேட்கிறார்கள், எத்தனை ஏக்கர், எத்தனை மாதப் பயிர் என்று குறித்துக்கொள்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது மரக்கணக்கு எடுத்தார்கள். 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போனபோது வீட்டுக்கணக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையும் சாத்தனூர் அணையின் உபரி நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைமீறியபோது மறுபடியும் கணக்கு. இழப்பை எண்ணி எண்ணிப் பழகிப்போன மாவட்டம் இது.

எண்ணப்படாமலே போவது ஒன்று உண்டு. தோப்பு போன பிறகு அந்த மனிதர் இரவில் தூங்கினாரா? ஒரு மாதம் கழித்தாவது வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டாரா? வயலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாரா? எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. முந்திரிக் கன்று வைத்துப் பலன் காணச் சில ஆண்டுகள் பிடிக்கும், பலாவுக்கு அதைவிடக் கூடுதல். அந்த இடைப்பட்ட ஆண்டுகளை ஒரு குடும்பம் எப்படிக் கடக்கிறது என்பதை அந்த வீட்டுப் பெண்கள் அறிவார்கள். வெளியில் சொல்வதில்லை.

ஊர் வாய்மூடி இருக்கிறது என்று அர்த்தமில்லை. திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசத்தான் செய்கிறார்கள். "என்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க, எழுந்து வேலையப் பாரு." "ஒனக்கு என்னா கொற? ரெண்டு ஆம்பளப் புள்ள இருக்கு." "எல்லாருக்குந்தான் கஷ்டம், தைரியமா இரு." அக்கறையில்லாமல் சொல்லப்படும் சொற்கள் அல்ல இவை. சொல்பவர் வேலையை விட்டுவிட்டு, வெயிலில் நடந்து வந்தவர். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியமும் எதிரே இருப்பவரின் வாயை அடைத்துவிடுகிறது. தைரியமாக இரு என்று சொன்னவரிடம் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? குறையே இல்லை என்று முடிவுகட்டியவரிடம் எந்தக் குறையைச் சொல்வது? பேச வந்தவர் கிளம்பிய பிறகு, பேச்சு வேண்டியிருந்தவர் முன்னைவிடத் தனியாக இருக்கிறார்.

அப்படியானால் என்னதான் சொல்வது? உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் எதைப் பேசினால் அவர் எழுவார்? இந்தக் கேள்வியைப் பலரும் சொற்களைத் தேடும் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சரியான வாக்கியம் ஒன்று எங்கோ இருப்பதாகவும், அது கிடைத்தால் ஆளை மீட்டுவிடலாம் என்றும் நினைக்கிறார்கள். இதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குத் தென்மேற்கே காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஒரு முயற்சி, கேள்வியை வேறு பக்கம் திருப்புகிறது.

வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பூமி அது. நெல் இருக்கும் இடத்தில் பூச்சிமருந்து இருக்கும். பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் அடுப்பங்கரை மூலையிலும் பாட்டில்கள் இருக்கும். வீட்டில் ஒரு சண்டை, கடன்காரர் சொன்ன ஒரு சொல், மகளின் காதல், மதிப்பெண் குறைவு என ஏதோ ஒன்று எல்லை மீறிய கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதுதான். சென்னையில் 1986இல் தற்கொலைத் தடுப்புக்காக 'ஸ்நேகா' அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இந்தத் தூரத்தைக் கணக்கில் எடுத்தார்கள். வங்கியில் நகைக்கு இருப்பதுபோல ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், அதில் ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுள்ள பெட்டி, பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆள். மருந்தடிக்கும் நாளில் எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தை மாலையில் திரும்ப வைத்துவிட வேண்டும். சில கிராமங்களில் இந்த ஏற்பாட்டைச் செய்து, செய்யாத கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். 2013இல் முடிவு வெளியானது. பெட்டி இருந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலைகளும் முயற்சிகளும் தெளிவாகக் குறைந்திருந்தன.

சின்ன ஆய்வுதான். நாலைந்து ஊர்களை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் அது எழுப்பும் எண்ணம் பெரியது. அந்த ஊர்களில் கடன் தள்ளுபடி ஆகவில்லை, குடிப்பழக்கம் ஒழியவில்லை, மாமியார் மருமகள் சண்டை ஓயவில்லை. மாறியது ஒன்றுதான். உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் பொங்கிய கணத்துக்கும் அதைச் செய்து முடிக்கும் கணத்துக்கும் நடுவே கொஞ்சம் நேரம் வந்து நின்றது. தெருவில் நடந்து போக வேண்டும். ஒருவரைப் பார்க்க வேண்டும். இந்த நேரத்துல எதுக்கு என்று அவர் கேட்பார்.

அந்தக் கொஞ்ச நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? இலங்கையில் விஷம் அருந்திப் பிழைத்தவர்களிடம் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் அதைப் பற்றி அரைமணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. பல நாடுகளில் நடந்த தொடர் ஆய்வுகளில், ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறக்கவில்லை. சாக வேண்டும் என்ற தீர்மானம் வாழ்நாள் முழுக்கக் கட்டிய முடிவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது ஓர் இரவின் கொந்தளிப்பு. அந்த இரவைக் கடத்திவிட்டால், பேசுவதற்கு ஆள் உயிரோடு இருப்பார். கடக்காவிட்டால் எவ்வளவு நல்ல வாக்கியமும் யாருக்கும் பயன்படாது.

பேச்சுக்கு முதலில் வேண்டியது நேரம். சொல் அதற்கு அப்புறம். அந்த நேரத்தை உண்டாக்கித் தருவது மருத்துவர் மட்டும் செய்யக்கூடிய காரியமில்லை, ஊரும் அரசும் சேர்ந்து செய்ய வேண்டியது. இலங்கை அரசு இதைச் செய்து காட்டியது. 1995 வாக்கில் ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற அளவில், உலகின் மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களில் ஒன்று அங்கே இருந்தது. அந்த ஆண்டிலிருந்து படிப்படியாக மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அந்தக் காலத்தில்தான் அங்கே போர் நடந்தது, கடல்கோள் வந்தது, வறுமையும் இருந்தது. தமிழ்நாடு அரசும் 2023 தொடக்கத்தில் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை விதித்தது. எலிப்பசைக்கும் தடை வந்தது. 60 நாள் என்பது மிகக் குறைவு. நிரந்தரமாக்க வேண்டிய காரியம் அது.

தேர்வு விஷயத்திலும் இதே பாடம் உண்டு. பொதுத்தேர்வில் தோற்ற பிள்ளை ஓர் ஆண்டு முழுக்கக் காத்திருக்காமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்ற வழி தமிழ்நாட்டில் வந்த பின், தேர்வுத் தோல்வியால் நேர்ந்த இறப்புகள் குறைந்ததை லட்சுமி விஜயகுமார் சுட்டிக்காட்டி வருகிறார். அடுத்த மாதமே மறுபடி எழுதலாம் என்ற நிலை இருந்தால், முடிவு வெளியாகும் இரவு அந்தப் பிள்ளைக்குக் கடைசி இரவாகத் தோன்றாது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். காட்டுமன்னார்கோயில் அனுபவத்தைப் போலவே இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், 53,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டு மிகப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அங்கே பூட்டுப் பெட்டிகள் ஊர்ப்பொதுவில் வைக்கப்படவில்லை, அவரவர் வீட்டுக்கே தரப்பட்டன. 2017இல் முடிவு வந்தது. எந்தப் பலனும் தெரியவில்லை. பெட்டி வீட்டிலேயே இருக்கிறது, சாவியும் வீட்டிலேயே இருக்கிறது, கடையும் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று தோன்றுகிறது. நேரத்தை உண்டாக்குவது பூட்டு மட்டுமல்ல. வழியில் எதிர்ப்படும் இன்னொரு மனித முகத்துக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும்.

அந்த முகம் என்ன கேட்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதில் தமிழ் வீடுகளில் ஆழமாக வேரோடிய பயம் ஒன்று இருக்கிறது. "சாகணும்னு தோணுதா?" என்று வாய்விட்டுக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம். உலக சுகாதார நிறுவனம் முதல் உள்ளூர் மருத்துவர்வரை இத்துறையில் இருப்பவர்கள் ஒரே குரலில் சொல்வது, அப்படி நடப்பதில்லை என்பதைத்தான். நேராகக் கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஒரு பெரிய சுமையை இறக்கி வைக்கிறார். அதுவரை தன் தலைக்குள் மட்டுமே ஓடிய அந்த எண்ணத்தை இன்னொருவர் அதிர்ச்சியில்லாமல் எதிர்கொள்ள முடிகிறது என்பதே அவருக்குப் புது அனுபவம். ஸ்நேகாவின் தன்னார்வலர்கள் தொலைபேசியில் செய்வது இதைத்தான். அறிவுரை சொல்வதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை, கேட்கிறார்கள். சும்மா கேட்பது எளிது என்று நினைப்பவர்கள், வீட்டில் மனைவியோ மகனோ அழும்போது ஐந்து நிமிடம் யோசனை ஏதும் சொல்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம்.

கேட்டாலும் உண்மை வெளிவராததற்கு இன்னொரு காரணம் காவல் நிலையம். "போலீஸ் கேசு ஆயிடும், தெரியாம குடிச்சிட்டான்னு சொல்லிடு" என்று மருத்துவமனை வாசலிலேயே குடும்பம் பேசிவைத்துக்கொள்ளும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்ததன் நிழல் அது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆம் பிரிவில், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை. சட்டம் மாறிவிட்டது, பயம் இன்னும் போகவில்லை. தெரியாமல் குடித்தவன் என்று எழுதப்பட்டவனுக்கு மனநல மருத்துவர் எதற்கு? வயிற்றைக் கழுவி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவன் பழைய வீட்டுக்கு, பழைய கடனுக்கு, பழைய பரணுக்குத் திரும்புகிறான்.

தேவை எவ்வளவு பெரிது என்பதற்குச் சில எண்கள் போதும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதோவொரு மனநலச் சிக்கலோடு இருந்தனர். நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர்வரை சிகிச்சை பெறவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். நாட்டில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நன்றாகப் படித்த, நல்ல மருத்துவமனைகள் உள்ள மாநிலம் என்று பெருமைப்படுகிறோம். இந்த எண்ணும் அதே மாநிலத்துடையதுதான்.

பேசு பேசு என்று வற்புறுத்துவதும் ஆபத்து என்பது இந்தக் கடற்கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே வரையிலான குப்பங்களைச் சுனாமி அலை புரட்டிப்போட்டது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரிசி மூட்டைகளோடும் படகுகளோடும் சேர்ந்து ஆற்றுப்படுத்துநர்களும் கரைக்கு வந்தார்கள். பலர் நல்ல பயிற்சியோடு வந்தார்கள், சிலர் நல்ல மனதோடு மட்டும் வந்தார்கள். அன்று என்ன நடந்தது, அலை எவ்வளவு உயரம், கை எப்போது நழுவியது என்று ஒரே அமர்வில் சொல்லவைத்துவிட்டு அடுத்த குப்பத்துக்குப் போய்விட்டால், திறந்த காயத்தை யார் மூடுவது? பேரிடர் நடந்தவுடன் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் செய்யும் முறை பலன் தருவதில்லை, சிலருக்குக் கேடும் செய்யலாம் என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது எளிமையானது: பார், கேள், உதவியோடு இணைத்துவிடு. அவர் பேச விரும்பினால் கேட்க வேண்டும், விரும்பாவிட்டால் பக்கத்தில் இருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர், தங்க இடம், காணாமல்போன மகனைப் பற்றிய தகவல், இவைதான் முதல் மருந்து.

நிலைத்தது வேறு விதமான பேச்சு. உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களைச் சென்னைக் கடற்கரையில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் விடாமல் பல மாதம் வீடு தேடிப்போய்ப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து, அப்படிப் பார்க்கப்பட்டவர்களின் மனச்சோர்வு குறைந்திருந்தது 2008இல் வெளியான ஆய்வில் பதிவானது. நாகப்பட்டினத்தில் சுனாமிக்குப் பின் ஆட்சியராக இருந்த ஜெ.ராதாகிருஷ்ணன், காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகளோடு தொடர்பை விடாமல் வைத்திருந்து, பல ஆண்டுகளுக்குப் பின் அவர்களின் கல்யாணங்களுக்கு வந்து நின்றார். அரசுக் கோப்பில் அந்தப் பிள்ளைகளின் விவகாரம் எப்போதோ முடிந்திருக்கும். அவர் முடித்துக்கொள்ளவில்லை.

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்குப் போகும் சாலையில், இப்படி விடாமல் கூட நிற்பதைப் பற்றிய மிகப் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பாதிரிப்புலியூர், மறுபக்கம் திருவதிகை. இரண்டும் அப்பரின் ஊர்கள். கதை அவருடைய அக்கா திலகவதியாருடையது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறபடி, பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து இறக்கிறார்கள். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார் என்று செய்தி வருகிறது. திலகவதியார் உயிரை விடத் துணிகிறார். அப்போது சிறுவனாக இருந்த தம்பி மருள்நீக்கியார் (பின்னாளின் அப்பர்) காலில் விழுந்து, அப்பா அம்மாவுக்குப் பின் உங்களைப் பார்த்துத்தான் இருக்கிறேன், நீங்கள் போனால் உங்களுக்கு முன்னே நான் போவேன் என்று அழுகிறார். அந்தச் சொல்லுக்காக அவர் உயிரோடு இருக்கிறார்.

வருடங்கள் ஓடுகின்றன. தம்பி சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆகிப் பெரும்பேர் எடுக்கிறார், பிறகு சூலை நோயில் துடிக்கிறார். யாராலும் தீர்க்க முடியவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்புகிறார். நான் அங்கே வரமாட்டேன் என்கிறார் அக்கா. இரவோடு இரவாக நடந்து திருவதிகைக்கு வந்து காலில் விழுகிறார் தம்பி. அத்தனை ஆண்டு எங்கே போயிருந்தாய் என்ற கணக்குத் தீர்க்கும் பேச்சு அங்கே இல்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். பக்தியாகப் படிப்பவர்களுக்கு இது இறையருள் கதை. அதற்குக் குறைவில்லாமல், வாழ்வை வெறுத்த ஒரு பெண் ஒரு சிறுவனின் சொல்லால் நிறுத்தப்பட்டு, அந்தச் சிறுவன் விழுந்த காலத்தில் அவனைத் தாங்கிய கதையும் இதுதான். அன்று அந்தச் சிறுவன் அக்காவுக்குத் தைரியம் சொல்லவில்லை. நீ எனக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

சாமியிடம் போவதைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். மனம் பிசகினால் நம் குடும்பங்கள் முதலில் போவது கோயிலுக்கோ தர்காவுக்கோதான். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் பழக்கம் படித்தவர்களிடம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவுக்குப் பெயர்பெற்ற ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததை மறக்கவே முடியாது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் 95ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. ஆனால் 2002இல் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் குழுவினரும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 நோயாளிகளைக் கவனித்து எழுதியதையும் படிக்க வேண்டும். அங்கே கட்டில்லை, அடியில்லை. வீட்டார் ஒருவர் கூடவே தங்குகிறார். கோயில் வேலையில் நோயாளியும் கை கொடுக்கிறார். சில வாரங்களில் அறிகுறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆராய்ச்சியாளர்கள் இதற்குத் தெய்வத்தைக் காரணம் காட்டவில்லை. ஆதரவான, அச்சுறுத்தாத இடம் என்றார்கள். ஆகவே வேண்டுதலையும் மாத்திரையையும் சண்டைக்கு நிறுத்த வேண்டியதில்லை. ஏர்வாடியிலேயே இன்று தர்காவுக்கு வருபவர்களுக்கு அரசு மனநலச் சிகிச்சை கிடைக்கிறது. துவா ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம்.

மாத்திரையின் இடத்தில் குழப்பம் கூடாது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு போன்றவற்றுக்கு ஆதரவான பேச்சு மட்டும் போதாது. மருந்து வேண்டும், பல சமயம் நெடுங்காலம் வேண்டும். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பொறுப்பில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் 1984இல் 'ஸ்கார்ஃப்' அமைப்பை நிறுவினார். மருந்தால் அறிகுறி அடங்கிய பிறகு அந்த மனிதர் எங்கே போவார், என்ன வேலை செய்வார் என்ற கவலைதான் அதன் பின்னணி. 1981இல் முதன்முதலாக மனச்சிதைவு கண்ட 90 பேரைச் சென்னை ஆய்வாளர்கள் பல்லாண்டு பின்தொடர்ந்தார்கள். ஆர்.தாரா எழுதிய பத்தாண்டு அறிக்கையில், பாதிக்கும் மேற்பட்டோர் நோய் அடங்கிய நிலையில் இருந்தனர். பைத்தியம் என்று ஒருமுறை பேர் வாங்கியவனுக்கு மீட்சியே கிடையாது என்று நினைக்கும் ஒவ்வொரு தெருவிலும் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

மீண்டு வந்தவருக்கு ஊர் என்ன செய்கிறது? கடலூர் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ சிதம்பரம் அண்ணாமலை நகருக்கோ போய் மாத்திரை வாங்கி வருபவர், பேருந்தில் தெரிந்தவர் ஏறினால் சீட்டை மடித்துப் பைக்குள் வைக்கிறார். சர்க்கரை மாத்திரையை நாலு பேர் முன்னால் போட்டுக்கொள்ள யாருக்கும் வெட்கமில்லை. மனநல மாத்திரைக்கு மட்டும் ஒளிவு மறைவு. பெண்ணுக்கு வரன் பார்க்கும் காலத்தில் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்புகிறது, அப்போது பார் இது தீராத வியாதி என்கிறார்கள். ஆண்களிடம் இது குடியில் ஒளிந்துகொள்கிறது. தூக்கம் வராதவன் டாஸ்மாக்கில் நின்றால் குடிகாரன் என்று பேர், அவன் ஏன் தூங்கவில்லை என்று கேட்க ஆளில்லை.

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் எதையும் தாங்குவார்கள் என்று ஒரு புகழ்ச்சி ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் செய்திகளில் வரும். உண்மையிலேயே தாங்கியவர்கள்தான். 1842இல் பாரி நிறுவனம் சர்க்கரை ஆலை தொடங்கிய நெல்லிக்குப்பத்தைச் சுற்றி, எத்தனை வெள்ளம் வந்தாலும் கரும்பு மறுபடி நடப்படுகிறது. ஆனால் இந்தப் புகழ்ச்சி ஒரு பாரமும்கூட. எல்லாவற்றையும் தாங்குகிறவர் என்று பட்டம் வாங்கியவர், என்னால் முடியவில்லை என்று எங்கே போய்ச் சொல்வார்? வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் கரும்பு விவசாயியை நினைத்துப் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர், வெட்டுக்கூலிக்கு முன்பணம், வட்டிக்கு வாங்கிய உரம். மழையில் பயிர் சாய்கிறது. அவருக்குத் தேவை, உங்களால் முடியும் என்ற வாழ்த்தைவிடக் கடன் தவணையில் ஆறு மாதம் தள்ளிவைப்பு. மனவலிமை மனதுக்குள் மட்டும் விளைவதில்லை. பயிர்க் காப்பீடு நேரத்துக்கு வந்தால், கூட்டுறவுக் கடன் கிடைத்தால், பக்கத்து ஊருக்கு மருத்துவர் வந்தால், மனிதர்களிடம் வலிமை கூடத்தான் செய்கிறது.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவுக்கு, மருத்துவத்தை ஊருக்குள் கொண்டுபோகும் யோசனை ஒரு மரணத்திலிருந்து வந்தது. பேருந்துக்குக் காசில்லாமல் மருத்துவமனைக்கு வர முடியாத நோயாளி ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். நோயாளி மருத்துவரிடம் வர முடியாதென்றால் மருத்துவம் தெருவுக்குப் போகட்டும் என்று, 2006இல் ஹராரேயில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மரப்பெஞ்சில் உட்காரவைத்தார். வருபவர் பேசுவார், பாட்டி கேட்பார், இருவரும் சேர்ந்து ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பார்கள். 2016இல் வெளியான ஆய்வு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்ததைக் காட்டியது. ஸ்கார்ஃப் அமைப்பும் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே மருத்துவமனை ஆக்கி, அதற்குள்ளேயே காணொளி வழியாக மருத்துவரைக் காட்டி, அங்கேயே மாத்திரையும் கொடுத்தது.

நெல்லிக்குப்பத்திலும் காட்டுமன்னார்கோயிலிலும் இதற்குப் புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்த வீட்டின் கஷ்டநஷ்டம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். "ராத்திரி தூக்கம் வருதா மாமா?" என்று அவர் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் சரியில்லை என்றால் அடுத்து என்ன கேட்பது, யாரிடம் அனுப்புவது என்று அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அந்த வேலைக்குச் சம்பளமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உரம் இருப்பு வைக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பூச்சிமருந்துப் பெட்டிகளுக்கும் ஓர் அறை ஒதுக்கலாம். பூச்சிமருந்துக் கடைக்காரர், கண் கலங்கி நிற்கும் வாடிக்கையாளருக்குப் பாட்டிலை எடுத்துக் கொடுப்பதற்கு முன் எந்தப் பயிருக்கு, என்ன பூச்சிக்கு என்று நாலு கேள்வி கேட்கலாம். இலங்கையின் அனுராதபுரம் பகுதியில் கடைக்காரர்களுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

இரவில் இவர்கள் யாரும் இல்லாத நேரத்துக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, தமிழிலேயே பேசலாம். ஸ்நேகாவின் எண் 044-24640050. வீட்டுச் சுவரில் கேஸ் ஏஜென்சி எண் எழுதிவைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இவற்றையும் எழுதிவைக்கலாம். மருத்துவமனையிலிருந்து ஒருவர் திரும்பி வந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள், ஏன் இப்படிச் செய்தாய் என்று தொடங்க வேண்டாம். சாப்பிட்டாரா, மாத்திரை இருக்கிறதா, அடுத்து எந்தத் தேதியில் மருத்துவரைப் பார்க்க வேண்டும், துணைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்கலாம். யாரும் இல்லை என்றால் அந்தத் தேதியில் தாமே கூடப் போகலாம். மூன்று மாதம் கழித்து, ஊர் இதை மறந்துவிட்ட பிறகு, இன்னொரு முறையும் போய்க் கேட்கலாம். அந்த மூன்றாம் மாதத்தில்தான் பெரும்பாலும் யாரும் வருவதில்லை.